18 வயதுக்குப் பிறகு எந்த டாக்டர்? மனநல சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் உள்ள வழிகள்

ப்ளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளை சில வருடங்களாக மனநல சிகிச்சையில் இருந்தால், கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதோடு சேர்த்து வீட்டில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். இதுவரை பார்த்துவந்த குழந்தை மனநல மருத்துவரிடமே தொடர்வதா, பெரியவர்களைப் பார்ப்பவரிடம் மாறுவதா, மாறினால் எங்கே, எப்போது? எந்தக் கோர்ஸ் நல்லது என்று பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம் இதை யாரிடமும் கேட்பதில்லை. பல வீடுகளில் இந்த முடிவை யாரும் எடுப்பதே இல்லை, அது தானாக நடந்துவிடுகிறது. பரீட்சை நேரத்தில் டாக்டர் கொடுத்த தேதி தவறும். அடுத்து ரிசல்ட், கவுன்சிலிங், ஹாஸ்டல் என்று அலைச்சல். பழைய சீட்டைக் காட்டிக் கொஞ்ச நாள் மாத்திரை வாங்குவார்கள். ஒருநாள் அதுவும் நின்றுவிடும்.

என் அக்கா மகளுக்கு 15 வயதில் பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். அவளுக்கு 18 ஆகும் நேரத்தில் எங்கள் குடும்பமும் இதே கேள்விகளோடு உட்கார்ந்தது. அப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், பிறகு இதே நிலையில் இருந்த மற்ற குடும்பங்களோடு பேசியதில் புரிந்ததையும் வைத்து, தமிழ்நாட்டில் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இந்த வழியில் போனால் சிகிச்சையில் இடைவெளி எங்கே விழும்?

அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. மனநலக் கோளாறுகள் எந்த வயதில் தொடங்குகின்றன என்பதைப் பற்றி உலகம் முழுக்க நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் 48.4 சதவீதம் பேருக்கு 18 வயதுக்குள்ளும், 62.5 சதவீதம் பேருக்கு 25 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது என்று அது சொல்கிறது. அதாவது 18-க்கும் 25-க்கும் நடுவில் புதிதாக நோய் தொடங்குகிறவர்களே நிறையப் பேர். ஏற்கெனவே நோய் உள்ள பிள்ளைக்கும் இது அமைதியான காலம் அல்ல. படிப்பு, ஊர், நண்பர்கள், தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒரே நேரத்தில் மாறும் வயதில்தான் டாக்டரும் மாறுகிறார்.

இங்கிலாந்தில் இந்த மாற்றத்தைப் பற்றி 2010-இல் வெளியான ட்ராக் என்ற ஆய்வு எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரே ஆண்டில் குழந்தைகள் சேவையின் வயது வரம்பைத் தாண்டிய 154 பேரை அவர்கள் கவனித்தார்கள். 90 பேர்தான் பெரியவர்கள் சேவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரியான திட்டம், முழுத் தகவல், இரண்டு தரப்பும் சேர்ந்து பேசுவது, அதன்பிறகும் சிகிச்சை தொடர்வது என்று நான்கும் கிடைத்தவர்கள், போய்ச் சேர்ந்தவர்களிலேயே 5 சதவீதத்துக்கும் குறைவு. கடுமையான மனநோய் உள்ளவர்களும் மாத்திரையில் இருந்தவர்களும் ஓரளவு போய்ச் சேர்ந்தார்கள். ஏடிஹெச்டி (கவனச் சிதறலும் துறுதுறுப்பும்) போன்ற வளர்ச்சிக் கோளாறும், பதற்றம், மனச்சோர்வு போன்ற பிரச்சினைகளும் உள்ளவர்கள்தான் நடுவில் உதிர்ந்துபோனார்கள். அரசே ஊருக்கு ஊர் சேவை நடத்தும் நாட்டின் நிலை இது. அதன்பிறகு அங்கே பர்மிங்ஹாமில் 2016-இல் 25 வயது வரைக்கும் ஒரே சேவை என்று மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் 2006 முதலே ஹெட்ஸ்பேஸ் என்ற இளைஞர் மனநல மையங்கள் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களைப் பார்க்கின்றன.

நம் ஊரில் அப்படி ஒரு வயதுக் கோடே கிடையாது. பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடும். தனியாரில் ஒருவர் 16 என்பார், இன்னொருவர் 18 என்பார், வேறொருவர் 22 வயதுப் பையனையும் பார்த்துக்கொண்டிருப்பார். கோடு இல்லாததில் நன்மையும் உண்டு: பிறந்தநாளன்று யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் மாற்றி அனுப்பும் பொறுப்பும் யாருக்கும் கிடையாது. அதைக் குடும்பமேதான் செய்ய வேண்டும்.

சட்டப்படி என்ன மாறுகிறது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிரம்பும்வரை பிள்ளையின் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதி சட்டப்பூர்வப் பாதுகாவலர், அதாவது பெரும்பாலும் பெற்றோர். நிரம்பிய அன்று அந்த உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. தன் பிரதிநிதி யார் என்று அவரே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். அது அம்மாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், நம்பிக்கையான நண்பராகவும் இருக்கலாம். நோய் முற்றி முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையும் அப்போதுதான் வருகிறது. உள்நோயாளியாக இருக்கும்போதே 18 நிரம்பினால், அன்று முதல் அவரைத் தன் விருப்பத்தில் சேர்ந்த பெரியவராகவே நடத்த வேண்டும். அதுவரை சிறுவர்களுக்கெனத் தனி இடத்தில், உடன் ஒரு துணையோடு இருந்தவர், அடுத்த முறை சேரும்போது பெரியவர்கள் வார்டுக்குத்தான் போவார். அந்த வார்டை முன்னதாக ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது பிள்ளைக்கும் நல்லது, பெற்றோருக்கும் நல்லது.

பெற்றோரை அதிகம் உலுக்குவது ரகசியக் காப்பு. 18-க்குப் பிறகு தன் மகன் டாக்டரிடம் என்ன சொன்னான் என்று அம்மா கேட்டால், அவன் சம்மதம் இல்லாமல் டாக்டர் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை இதற்கு விலக்கு. பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவருக்கு, தன் கடமையைச் செய்யத் தேவையான தகவல் கிடைக்கும். அதனால்தான் அந்த ஒற்றைத் தாளை 18 நிரம்பிய வாரத்திலேயே எழுதிவிடச் சொல்கிறேன். நோய் தீவிரமாகி, பிள்ளை யாரையும் நம்பாத நேரத்தில் அதை எழுதி வாங்க முடியாது.

இந்த மாற்றத்தை நான் கண்ணெதிரே பார்த்தது, அக்கா மகளைப் புது டாக்டரிடம் முதல்முறை கூட்டிப்போன அன்று. டாக்டர் கோப்பைத் திறக்கவே இல்லை. "லித்தியம் எதுக்கு சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க" என்றார் அவளைப் பார்த்து. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அக்கா வாயெடுத்ததும் டாக்டர் கையைக் காட்டினார்: "அவங்களே சொல்லட்டும்மா." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள், "தூக்கமே இல்லாம ரொம்ப சந்தோஷமா இருப்பேன்ல, அது வராம இருக்க" என்றாள். டாக்டர் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். அவள் நோயை அவளே சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

இதுவரை பார்த்தவர் யார்?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குழந்தை மனநல மருத்துவர் என்று பலகையில் இருப்பவர் நம் நாட்டில் பொதுவாக முதலில் எம்.டி. சைக்கியாட்ரி முடித்தவர். பெரியவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பயிற்சியும் தகுதியும் அவருக்கு உண்டு. அவர் விரும்பினால் தொடரலாம். ஆட்டிசத்துக்கோ ஏடிஹெச்டிக்கோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவரிடமோ போய்க்கொண்டிருந்தால் கதை வேறு. அவர்களுடைய துறை குழந்தைகளுடையது. இன்றைக்கில்லை என்றாலும் நாளை மாறித்தான் ஆக வேண்டும். அந்தக் குடும்பங்களுக்குப் பழைய டாக்டரிடமே தொடர்வது என்ற முதல் வழியே கிடையாது. அவர்கள் 16 வயதிலேயே தேடத் தொடங்குவது நல்லது.

பழைய டாக்டரிடமே தொடர்வது

ஆரம்பத்தில் எல்லோரும் விரும்புவது இதைத்தான். வருடக்கணக்கான வரலாறு அவர் தலைக்குள் இருக்கிறது. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்பதாம் வகுப்பில் என்ன நடந்தது, அப்பாவுடன் என்ன பிரச்சினை என்பதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டாம். முதல் வருடக் கல்லூரி என்ற பெரிய மாற்றத்தின்போது டாக்டராவது மாறாமல் இருப்பது மிகப் பெரிய ஆறுதல்.

குறைகள் மெதுவாகத்தான் தெரியும். பொம்மைகளும் சுவரோவியங்களும் இருக்கும் காத்திருப்பு அறையில், நாலு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார 19 வயதுப் பையனுக்குக் கூச்சமாக இருக்கும். அடுத்த தேதியைத் தள்ளிப்போடுவான். டாக்டரும் பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தே பேசுவார். குடி, புகை, காதல், உடலுறவு, கர்ப்பம் என்று பெரியவர்களின் வாழ்க்கையில் வரும் விஷயங்களை, எட்டு வயதிலிருந்து தன்னைத் தெரிந்த டாக்டரிடம் அவன் பேசமாட்டான். அதோடு, பாதி ராத்திரியில் உடனே சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அந்த டாக்டரின் மருத்துவமனை பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்பதையும் கேட்டுவைக்க வேண்டும்.

கல்லூரி வேறு ஊரில் என்றால் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதற்கு இடம் தருகின்றன. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் பல மருந்துகளை இப்படித் தொடரலாம். ஆனால் ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட்டை இப்படி வாங்க முடியாது. அது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள வகை. அந்த அட்டவணையில் உள்ள எதையும் தொலைமருத்துவத்தில் எழுதித்தரக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நேரில் பார்த்து எழுதிய சீட்டின் ஒரு பிரதியை மருந்துக்கடை வைத்துக்கொண்டுதான் தரும், அதுவும் எல்லாக் கடையிலும் இருக்காது. சென்னை டாக்டரை நம்பிக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும் ஏடிஹெச்டி பையனுக்கு இரண்டாவது மாதத்திலேயே இடைவெளி விழுவது இதனால்தான்.

இந்த வழியை முதல் வருடம் முடியும்வரை வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. மாற்றத்துக்கு வயதை வைத்துக் கறாராக நாள் குறிக்காமல், பிள்ளை ஓரளவு நிலையாக இருக்கும் காலமாகப் பார்த்து மாற்ற வேண்டும் என்றுதான் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. ப்ளஸ் டூ பரீட்சைக்கும் கல்லூரி முதல் செமஸ்டருக்கும் இடைப்பட்ட காலம் நிலையான காலம் அல்ல.

கல்லூரி இருக்கும் ஊரில் தனியார் டாக்டர்

நடைமுறைக்கு மிகவும் ஒத்துவருவது இது. பிள்ளை தானாகவே ஆட்டோ பிடித்துப் போய்வரலாம். சாயங்காலம் பார்ப்பார்கள் என்பதால் வகுப்பு கெடாது. பேசக் கொஞ்சம் நேரமும் கிடைக்கும். செலவு உண்டு: டாக்டர் கட்டணம், மாத்திரை, ரத்தப் பரிசோதனை, தெரபி என்று மாதாமாதம் போகும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தரும். மாதாமாதம் போய்வரும் செலவு உங்கள் கையிலிருந்துதான்.

இடைவெளி விழும் இடம் விடுமுறை. மே மாதம் முழுக்க ஊரில் இருக்கும் பிள்ளை அங்கே ஒரு டாக்டரையும் இங்கே ஒரு டாக்டரையும் பார்த்தால், இரண்டு பேரும் மருந்தை மாற்றும் ஆபத்து இருக்கிறது. மருந்தை மாற்றுவது ஒருவர் மட்டுமே என்று ஆரம்பத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஊர் டாக்டர் அவசரத்துக்கு மட்டும்.

அரசு மருத்துவமனை

பணம் இல்லாதவர்கள் போகும் இடம் என்று இதை ஒதுக்குவது தவறு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794 வரை போகிறது. 1996-இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், மாவட்டத்திலிருந்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார். லித்தியம், ரிஸ்பெரிடோன், ஃபுளுவாக்ஸெட்டின் மாதிரி அடிப்படை மருந்துகள் பொதுவாக இலவசமாகவே கிடைக்கும். வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படக்கூடிய நோய்க்கு இது சின்ன விஷயமில்லை. படிப்பு நின்று, வேலையும் இல்லாமல், அப்பா ஓய்வுபெற்றுவிட்ட நிலையிலும் மருந்து நிற்காது. அதுவே இந்த வழியின் பெரிய பலம்.

கூட்டம் இருக்கும். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் முன் போனால் சில நிமிடங்கள்தான். போனமுறை பார்த்த இளம் டாக்டர் இந்தமுறை இருக்கமாட்டார், வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். குழந்தை மனநல மருத்துவரிடம் முக்கால் மணி நேரம் பேசிப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய ஏமாற்றம். "அவங்க என்னைக் கேக்கவே இல்ல" என்று சொல்லி அடுத்தமுறை வரமாட்டேன் என்பார்கள். இடைவெளி விழுவது இங்கேதான், முதல் மூன்று வருகைக்குள்.

இதைத் தாண்ட ஒரு வழி உண்டு. எந்தக் கிழமை எந்த யூனிட் என்று விசாரித்து, எப்போதும் ஒரே யூனிட் நாளில் போங்கள். பிஜி டாக்டர்கள் மாறினாலும் யூனிட் தலைவர் மாறமாட்டார், கேஸ் ஷீட் அங்கேயே இருக்கும். பேசுவதற்கென்று அங்கேயே இருக்கும் மருத்துவ உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ தனியாக நேரம் கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது, கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவைப்படுபவர்கள் எப்படியும் அரசு மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும் என்பதால், அங்கே ஒரு கோப்பு இருப்பது பின்னால் உதவும். 18-க்கு முன் வாங்கிய சான்றிதழின் காலம் எப்போது முடிகிறது என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள்.

பெரிய நிறுவனங்கள்

பெங்களூரு நிம்ஹான்ஸும் வேலூர் சி.எம்.சி.யும் நம் குடும்பங்கள் நம்பிப் போகும் இடங்கள். ஒரே வளாகத்தில் குழந்தைகள் பிரிவும் பெரியவர்கள் பிரிவும் இருப்பதால் கோப்பு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் போதும். குடும்பத்தையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. நோய் என்னவென்றே முடிவாகவில்லை, இரண்டு மூன்று மருந்துகள் வேலை செய்யவில்லை என்றால் தயங்காமல் போகலாம்.

தூரம்தான் பிரச்சினை. தென்காசியிலிருந்து பெங்களூருக்கு மாதாமாதம் யாரால் போக முடியும்? முதலில் மூன்று மாதம் என்று இருப்பது ஆறு மாதமாகும், பிறகு நின்றுபோகும். அங்கே வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ, உள்ளூர் டாக்டரிடம் மாதாமாதம் என்று சேர்த்துக்கொண்டால் மட்டும் இந்த வழி நிலைக்கும்.

கவுன்சிலிங் மட்டும் போதும் என்று டாக்டரை விட்டுவிடுவது ஐந்தாவது வழியாகப் பலரும் எடுப்பது. லேசான பதற்றமோ மனச்சோர்வோ இருந்து, டாக்டரே மாத்திரையைக் குறைத்து நிறுத்தியிருந்தால் சரி. நாமாக நிறுத்தினால் அது சிகிச்சை மாற்றம் அல்ல, சிகிச்சையைக் கைவிடுவது. பைபோலாரிலும் மனச்சிதைவிலும் (ஸ்கிசோஃப்ரீனியா) அதன் விலை பல நேரம் ஒரு வருடப் படிப்பு, சில நேரம் உயிர்.

நோயைப் பொறுத்து எது பொருந்தும்

மனச்சிதைவு, பைபோலார் போன்றவற்றுக்குத் தனி ஒரு டாக்டரை நம்புவதைவிட ஒரு நிறுவனத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. அரசு மருத்துவமனையோ, சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்போ. டாக்டர் ஓய்வுபெற்றாலும், வெளிநாடு போனாலும் இடம் இருக்கும். மனச்சிதைவு போன்ற நோய்களின் ஆரம்பநிலைச் சிகிச்சையில் ஸ்கார்ஃபும் கனடாவின் மாண்ட்ரியல் மையமும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, சென்னையில் குடும்பத்தினர் டாக்டர்களோடு அதிகத் தொடர்பில் இருந்தார்கள், நடுவில் சிகிச்சையை விட்டவர்களும் குறைவு. நம்மிடம் இருக்கும் இந்தப் பலத்தை 18 வயதோடு தூக்கிப் போட வேண்டியதில்லை. பிள்ளை சம்மதித்தால் குடும்பம் கூடவே வரலாம். பேசுவது மட்டும் பிள்ளையாக இருக்கட்டும்.

லித்தியம் எடுக்கும் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகிறது என்றால் இரண்டு விஷயங்களை அவர்களே மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். ரத்தத்தில் லித்தியம் அளவை டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்க்க வேண்டும், கூடவே தைராய்டும் சிறுநீரகமும். இன்னொன்று, தண்ணீர் குறைந்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ சில வலிமாத்திரைகள் சாப்பிட்டாலோ அந்த அளவு ஆபத்தாக ஏறும். மாதவிடாய் வலிக்கு ஹாஸ்டலில் தோழி நீட்டும் மெஃபனமிக் அமில மாத்திரையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். எங்கள் வீட்டுப் பெண் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம், சாப்பிடக் கூடாத மாத்திரைகளின் பெயரை எழுதி ஒட்டிவைத்திருக்கிறாள். பைபோலாருக்குத் தரும் இன்னொரு மருந்தான வால்புரோயேட்டை எடுக்கும் பெண்களுக்கு 18 வயது வேறொரு கேள்வியையும் கொண்டுவருகிறது. கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து அது. கல்யாணப் பேச்சு எடுக்கும்வரை காத்திராமல், புது டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே இதை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஏடிஹெச்டிக்கு எதிர்ப் பிரச்சினை. பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. சிலர் "வயசானா சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். பலருக்குத் துறுதுறுப்பு குறைகிறதே தவிர, கவனச் சிதறல் தொடர்கிறது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி சிகிச்சை தருவீர்களா, மெத்தில்ஃபெனிடேட் எழுதுவீர்களா, பக்கத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைவிட அவசரம் பாதுகாவலர் விஷயம். 18 முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலராகத் தொடர்வதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபிச் செலவும் அதில் அடங்கும். இவர்களுக்கு மனநல மருத்துவர், தெரபிஸ்ட், தொழிற்பயிற்சி என்று மூன்று இடங்களைச் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஒரே கூரையின் கீழ் எல்லாம் தரும் பெரியவர்கள் சேவை நம் மாவட்டங்களில் மிக அரிது. இந்தக் குடும்பங்கள் படும் பாட்டுக்கு அரசு கண் திறக்க வேண்டும்.

மாற்றும்போது

எந்த வழியை எடுத்தாலும், பழைய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்காமல் மாறாதீர்கள். கட்டுக்கட்டான பழைய சீட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பக்கத்தில் இவை இருந்தால் போதும்: நோயின் பெயர், எப்போது தொடங்கியது, எந்த மருந்து எந்த அளவில் எவ்வளவு காலம், எது ஏன் நிறுத்தப்பட்டது, எப்போது மருத்துவமனையில் சேர்ந்தது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்ததா, மறுபடி வரும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன. மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது சட்டம் தரும் உரிமை, தயங்க வேண்டாம். அந்தக் கடிதத்தின் கீழே பிள்ளையே தன் வார்த்தையில் நாலு வரி எழுதட்டும்.

அடுத்தது, இரண்டு டாக்டரையும் சில மாதங்கள் சேர்த்தே வைத்துக்கொள்வது. புது டாக்டரை ஓரிரு முறை பார்த்த பிறகும் பழையவரிடம் ஒரு தேதி இருக்கட்டும். நைஸ் வழிகாட்டுதலும் மாறுவதற்கு முன்பே பெரியவர்கள் சேவையில் ஒருவரைச் சந்திக்கவைக்கச் சொல்கிறது. அங்கே அதை ஏற்பாடு செய்வதற்கு ஒரு பணியாளர் இருப்பார், இங்கே அந்தப் பணியாளர் நீங்கள்தான்.

ஹாஸ்டலில் யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். வார்டனுக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியமில்லை. இரண்டு நாள் தூங்காமல் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு தோழிக்குத் தெரிந்திருந்தாலே போதும். ராத்திரியில் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

புது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து பிடிக்கவில்லை என்று பிள்ளை சொல்வது சகஜம். "அதெல்லாம் பழகிடும்" என்று அடக்கிவிடாமல், என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். நேரம் தரவில்லையா, மாத்திரையைக் காரணம் சொல்லாமல் மாற்றினாரா, இல்லை புது ஆள் என்ற கூச்சமா? கூச்சம் என்றால் இன்னும் ஓரிரு தடவை போய்ப்பார்க்கலாம். மற்றவை என்றால் வேறு டாக்டரைத் தேடுங்கள், பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அவர் கிடைக்கும்வரை பழைய டாக்டரிடம் வாங்கிவைத்த அடுத்த தேதியை ரத்து செய்யாதீர்கள்.